பூட்டிய அறைக்குள் யார், என்ன: வாடகைக் கிட்டங்கிகளில் பாதுகாப்பு

கோட்டாறு கிட்டங்கி:

எல்லாருக்கும் வணக்கம். கோட்டாறில் எங்களுக்குத் தாத்தா காலத்துக் கிட்டங்கி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் கொப்பரையும் வற்றலும் அடுக்கிக் கிடந்த இடம். மூன்று வருடத்துக்கு முன் உள்ளே தகரத் தடுப்பு வைத்து 22 அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் போட்டு மாத வாடகைக்கு விட ஆரம்பித்தோம். குடும்பத்தோடு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாமானைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஜவுளிக்காரர் ஒருவர் சீசன் சரக்கு வைத்திருக்கிறார். சமையல் காண்ட்ராக்டர் ஒருவருடைய அண்டாவும் குத்துப்போணியும் ஒரு அறையில் இருக்கின்றன. அவரவர் பூட்டு, அவரவர் சாவி.

போன வாரம் நடந்த ஒன்றுக்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. சாயங்காலம் ஆறரை மணி. எழுபது வயது அம்மா ஒருவர் மகனோடு வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மூத்த பிள்ளையின் சாமான் இருக்கும் 14ஆம் அறை அது. மகன் ஆட்டோ பிடிக்க வெளியே போய்விட்டார். அம்மா வெயில் முகத்தில் அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாட்ச்மேன் அண்ணன் பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்ததும், பூட்ட மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து முழுக்க இறக்கி, ஆபீஸில் இருந்த உதிரிப் பூட்டைப் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மகன் திரும்பி வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இருபது நிமிடம். ஜன்னல் கிடையாது, மேலே தகரக் கூரை. பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஷட்டரைத் தூக்கியபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேலை முழுக்க வியர்வை. "மக்ளே, நான் தட்டுனது கேக்கலியா?" என்று மட்டும்தான் கேட்டார். ஏசியிருந்தால்கூட மனசு இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், நன்றாக இருக்கிறார். இதே தொழிலில் இருப்பவர்கள், இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தினமும் எப்படி மூடுகிறீர்கள்? உள்ளே என்னென்ன வைக்க விடுகிறீர்கள்? தீயணைப்பான் இரண்டு மாட்டியிருக்கிறேன். அது மட்டும் போதாது என்று இப்போது புரிகிறது.

பழைய தீயணைப்பு:

தம்பி, மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன்.

முதலில் பூட்டு விஷயம். வாட்ச்மேன் மேல் தப்பைப் போட்டு முடித்துவிடாதீர்கள். எந்த மனிதனும் ஒருநாள் அப்படி நினைத்துவிடுவான். அப்படி நினைத்தாலும் பூட்ட முடியாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஷட்டரைத் தூக்கியதும், கழற்றிய பூட்டைக் கையில் வைத்துக்கொள்ளவோ தரையில் போடவோ வேண்டாம். கீழே தரையில் இருக்கும் வளையத்திலேயே மாட்டிப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்லுங்கள். வளையத்தில் ஏற்கெனவே ஒரு பூட்டு கிடந்தால் வேறு பூட்டு போட இடமிருக்காது, ஷட்டரும் சரியாக உட்காராது. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்கு அந்தப் பூட்டே அடையாளம். செலவு ஒரு பைசா இல்லை.

இரண்டாவது, பாதி ஷட்டர் என்பதே கூடாது. ஆள் உள்ளே இருந்தால் முழுக்க மேலே, இல்லையென்றால் முழுக்கக் கீழே. ஷட்டரின் ஸ்பிரிங் பழசானால் பாதியில் நிற்பது திடீரென்று இறங்கி ஆள் தலையிலோ விரலிலோ விழும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மூடும் சுற்று. மணி அடித்துவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஷட்டரையும் கையால் மூன்று முறை தட்டி, "உள்ளே ஆள் உண்டா?" என்று கேட்டு, பதிலுக்குப் பத்து வினாடி நின்று அடுத்ததற்குப் போக வேண்டும். 22 அறைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வாசல் பதிவேட்டில் உள்ளே போனவர் எல்லாருக்கும் வெளியே வந்த நேரம் எழுதியிருந்தால்தான் பெரிய கேட்டைச் சாத்தலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எழுதுங்கள். மகன் கையெழுத்துப் போட்டு, அம்மா கணக்கில் வராமல் போனதுதான் உங்கள் இடத்தில் நடந்திருக்கும்.

தடுப்பு கூரை வரை போகிறதா, மேலே திறந்து வலை போட்டிருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

கோட்டாறு கிட்டங்கி:

அண்ணாச்சி, அப்படியேதான். பதிவேட்டில் மகன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆட்டோ பிடிக்கப் போனவரை வாட்ச்மேன் "வெளியே போனார்" என்று குறித்துவிட்டார். தடுப்பு எட்டடி உயரம், அதற்கு மேல் கம்பி வலை.

மஸ்கட் மார்த்தாண்டம்:

நான் இந்த மாதிரி இடத்தில் சாமான் போட்டிருக்கிற ஆள், வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து பேசுகிறேன். அம்மா விஷயம் படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் "உள்ளே என்ன வைக்க விடுகிறீர்கள்" என்ற கேள்வியில் எனக்குக் கொஞ்சம் மறுப்பு உண்டு. வாடகை கொடுக்கிறேன், பூட்டு என்னுடையது. வீட்டுப் பெண்களின் துணிமணி, பத்திரம், பிள்ளைகளின் சர்டிஃபிகேட் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. அதையெல்லாம் ஒருவர் திறந்து பார்ப்பது சரியா? நம்பித்தானே வைக்கிறோம்.

பழைய தீயணைப்பு:

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானதுதான். யாரும் உங்கள் துணிமடிப்பைப் பிரிக்க வேண்டாம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஒரு கிட்டங்கி வெடித்தது. 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் சென்னையில் மணலியில், 2015 முதல் சுங்கத் துறை பிடித்து வைத்திருந்த சுமார் 700 டன் அதே சரக்கு கிடப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. அந்த மாதமே லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய கதை நம் கிட்டங்கியில் நடக்காது. பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கிடப்பது என்னவென்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

தடுப்புக்கு மேல் வலை என்றால், ஒரு அறையில் பிடித்த தீ மேலே எழுந்து கூரையில் மோதிப் பரவி 22 அறையிலும் இறங்கும். புகை அதற்கு முன்பே போய்விடும். சாமானை வலை வரை அடுக்க விடாதீர்கள். கூரைக்கும் சாமானுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். புகை உணர்கருவி நடைபாதைக் கூரையில் இருந்தால் அறைக்குள் இருக்கும் புகையையும் வலை வழியாகப் பிடித்துவிடும், அந்த விதத்தில் வலை நல்லது. தீயணைப்பான் எந்த இடத்தில் நின்றாலும் 15 மீட்டருக்குள் கைக்கு எட்ட வேண்டும். உங்கள் இரண்டு போதுமா என்று அளந்து பாருங்கள். முள் பச்சைக் கட்டத்தில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 6 கிலோ பவுடர் இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும். பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து, பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். மேலே எரியும் சுவாலையில் அடித்தால் பவுடர் வீண். அந்த இருபது வினாடியில் அணையவில்லையென்றால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள், 101க்கு அடியுங்கள். ரப்பர் ஷீட், மெத்தை, சோபா எரியும் புகையில் இரண்டு மூச்சு இழுத்தாலே ஆள் விழுந்துவிடுவான். சாமானை மீட்க யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

மஸ்கட் மார்த்தாண்டம்:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அறையில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. பாதி கேஸ் இருந்தது, வீட்டைக் காலி பண்ணும் அவசரத்தில் சமையல் சாமானோடு ஏற்றிவிட்டார்கள். ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

தக்கலை வயர்மேன்:

நாளைக்கே எடுத்துவிடுங்கள் அண்ணே. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. வால்வு லேசாகக் கசிந்தாலும் மேலே போகாமல் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். ஜன்னல் இல்லாத அறையில் அது போவதற்கு வழியே இல்லை. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். யாராவது ஷட்டரைத் தூக்கினால் இரும்போடு இரும்பு உரசும், இல்லையென்றால் லைட்டைப் போடுவார்கள். ஒரு பொறி போதும்.

ஊரை விட்டுப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள், டெபாசிட் பணமும் திரும்ப வரும். திரும்பி வந்து இணைப்பு எடுக்க அந்தத் தாள் உதவும். அதைப் பத்திரமாக வைத்தால் போதும், சிலிண்டரை வைக்க வேண்டாம். உங்கள் வீட்டு ஆளை அனுப்பும்போது ஷட்டரை மெதுவாகத் தூக்கி, மூக்கை வைத்துப் பார்த்து, வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் பேசச் சொல்லுங்கள். அணைப்பதற்காகக்கூட சுவிட்சைத் தொடக் கூடாது, போனையும் வெளியே வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். அறைக்குள் பிளக் பாயிண்டே கொடுக்காதீர்கள். லைட்டும் நடைபாதையிலேயே இருக்கட்டும், வலை வழியாக வெளிச்சம் விழும். நான் ஒரு இடத்தில் வேலைக்குப் போனபோது பார்த்தது இது. ஒருவர் பல்பு ஹோல்டரில் இருந்து வயர் இழுத்து, அறைக்குள் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு ஷட்டரைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். பேட்டரிக்குக் கீழே தெர்மோகோல், சுற்றிலும் அட்டைப்பெட்டி. தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். பவுடர் அடித்தால் மேல் தீ அணையும், உள்ளே இருக்கும் சூடு அணையாது. சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பிடிக்கும். ஏராளமான தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். உப்பிய பழைய லேப்டாப் பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் இதே ஜாதிதான். இன்வெர்ட்டர் பேட்டரி வேறு வகை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், சாய்ந்தால் ஆசிட் கொட்டும்.

உங்கள் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டாறுப் பழைய கட்டடம் என்றால் மரப்பலகையில் ஃபியூஸ்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வந்து பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

ஆரல்வாய்மொழி லோடுமேன்:

எல்லாரும் தீயைப் பற்றியே பேசுகிறீர்கள். தினமும் அடிபடுகிறவர்கள் நாங்கள். அதையும் கேளுங்கள்.

ஸ்டீல் பீரோ. அதுதான் எங்களை முடிக்கிற சாமான். உள்ளே துணியை வைத்துக்கொண்டே தூக்கச் சொல்வார்கள். லாக்கரில் வெள்ளிப் பாத்திரம் இருக்கும், சொல்ல மாட்டார்கள். கதவு பூட்டு தேய்ந்து போயிருக்கும். சரித்த உடனே கதவு திறந்து கண்ணாடி முகத்துக்கு வரும். பீரோவைக் காலி பண்ணி, கதவைச் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு பேர் பிடித்து, சக்கர வண்டியில் வைத்துத் தள்ள வேண்டும். வாசலில் படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் கட்டினால் எங்கள் முதுகு பிழைக்கும். ஒருத்தன் தலைச்சுமையாகத் தூக்க 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பே 1967இல் சொல்லியிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் கேட்டது. அதுவே அதிகம் என்பேன் நான். நாற்பத்தாறு வயதில் எனக்குக் காலையில் எழுந்து ஷர்ட் போட ஐந்து நிமிடம் ஆகிறது.

அடுக்கும்போது கனமானது அடியில், லேசானது மேலே. எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. கிரைண்டரை மேலே வைத்து அடியில் பிள்ளைகளின் பொம்மைப் பெட்டி வைப்பார்கள். நம் ஊர் ஈரத்தில் ஆறு மாதத்தில் அட்டைப்பெட்டி நமுத்து உட்காரும். ஷட்டரைத் தூக்கினதும் மொத்தமும் சரிந்து வாசலுக்கு வரும். அதனால் ஷட்டரைத் தூக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள், ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். நடுவில் ஒரு ஆள் போக வழி விட்டு அடுக்கச் சொல்லுங்கள்.

குடிக்கத் தண்ணீர் ஒரு பானை, ஒரு கக்கூஸ், உட்கார ஒரு நிழல். லோடு இறக்க வருகிறவனுக்கு இந்த மூன்றும் இருக்கிற கிட்டங்கி நான் பார்த்ததில் கொஞ்சம்தான்.

கோட்டாறு கிட்டங்கி:

அண்ணே, எங்கள் இடத்திலும் கக்கூஸ் பூட்டித்தான் கிடக்கிறது, சாவி ஆபீஸில். இன்று முதல் திறந்திருக்கும். சாய்தளத்துக்குக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன்.

ஆசாரிபள்ளம் நர்ஸ்:

எலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிட்டங்கி என்றால் எலி இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், வெடித்த பாதத்தின் வழியாகவோ கையில் இருக்கும் கீறல் வழியாகவோ உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். மழைக்குப் பிறகு கிட்டங்கியைக் கழுவுகிறவர்களுக்கும் லோடு அண்ணன்மார்களுக்கும்தான் ஆபத்து அதிகம். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை தொட முடியாமல் வலிக்கும், கண் சிவக்கும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, கிட்னி வரை போகும். சீக்கிரம் வந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். வருகிறவர்கள் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், "நான் கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன், தண்ணீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு ரொம்ப உதவும். பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். செருப்பில்லாமல் யாரையும் கழுவ விடாதீர்கள்.

அதற்காக எலி மருந்தைக் கண்டபடி வைத்துவிடாதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நெடியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இறந்தன, தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வார்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. நெல், அரிசி மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இன்னும் மோசம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பின் வாயு வரும். 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயு விடும். மாற்று மருந்து கிடையாது. உங்கள் தடுப்புக்கு மேல் வலைதான் என்றால், 5ஆம் அறைக்காரர் தன் சரக்குக்கு ஒரு மாத்திரை வைத்தால் 6ஆம் அறையில் நிற்கிறவர் மூச்சில் போகும். ஒப்பந்தத்திலேயே இதைத் தடை என்று எழுதுங்கள். தின்பண்டம், அரிசி, பருப்பு உள்ளே வைக்க விடாமல் இருந்தாலே எலி பாதி குறையும். மீதிக்கு எலிப்பொறி போதும்.

அப்புறம், வருடக்கணக்கில் பூட்டிய அறையைத் திறந்தால் உடனே உள்ளே போகாதீர்கள். பத்து நிமிடம் காற்றாட விட்டு, முகக்கவசம் போட்டுப் போங்கள். பூஞ்சைத் தூசி ஆஸ்துமாக்காரர்களைப் படுத்திவிடும். பாச்சை உருண்டை போட்டு வைத்த குழந்தைத் துணியை அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை கொண்டுவரும். துவைத்து வெயிலில் நன்றாகக் காயப்போட்டாலும் வாடை போகவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பாம்பு வந்தால் ஆளைத் தள்ளி நிறுத்துங்கள், அடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறிவிடுவதோ வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் 108இல் நேராக எங்களிடம் கொண்டுவாருங்கள்.

சுசீந்திரம் வாசகி:

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தெருவில் தரையோடு இருந்த பிளக் பாயிண்ட் எல்லாம் தண்ணீருக்குள் போனது. கிட்டங்கி தாழ்வான இடத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை நெஞ்சு உயரத்துக்கு மேல் மாற்றுங்கள். சாமானுக்கு அடியில் மரப்பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கூரையில் கிடக்கும் பழைய டயர், தார்ப்பாய் மடிப்பு இவற்றில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் போதும்.

மஸ்கட் மார்த்தாண்டம்:

மச்சானை அனுப்பினேன். சிலிண்டரை எடுத்து ஏஜென்சியில் ஒப்படைத்தாயிற்று. வாடை எதுவும் இல்லை என்றான், கடவுள் புண்ணியம். கிட்டங்கிக்காரர் என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட, சாமான் ஏற்றும் நாளில் கூட நின்று, "கேஸ், பெட்ரோல், பெயிண்ட், பேட்டரி, பட்டாசு, எலி மருந்து உண்டா அண்ணே?" என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். "ஆபத்தான பொருள் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என் கண்ணுக்குச் சிலிண்டர் அடுப்படிச் சாமான்தான்.

கோட்டாறு கிட்டங்கி:

இதுதான் எனக்குப் பெரிய திறப்பு. பேர் சொல்லிக் கேட்க ஒரு தாள் தயார் பண்ணிவிட்டேன். வண்டி வாசலுக்கு வரும்போதே கூட நின்று கேட்பேன். ஏற்கெனவே வைத்திருக்கிற 19 பேருக்கும் போன் போட்டேன். இரண்டு சிலிண்டர், ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, அரை டின் தின்னர், போன தீபாவளிப் பட்டாசு ஒரு பெட்டி. இத்தனையும் என் கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. ஒருவர்கூட மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார்கள். பட்டாசும் ஒரு சிலிண்டரும் வெளியே போய்விட்டன. மீதி இந்த வாரம்.

எல்லா ஷட்டருக்கும் பக்கத்தில் "உங்கள் பூட்டை இந்த வளையத்தில் பூட்டிவிட்டு உள்ளே செல்லவும்" என்று பெயிண்டில் எழுதி அம்பு போட்டிருக்கிறது. உதிரிப் பூட்டுகளை ஆபீஸில் இருந்து எடுத்துவிட்டேன். மூடும் சுற்றில் நேற்று வாட்ச்மேன் அண்ணனோடு நானும் போனேன். 14ஆம் அறைக்கு முன்னால் வந்ததும் அவர் மூன்று முறை தட்டிவிட்டு, காதைத் தகரத்தில் வைத்து நின்றார். பத்து வினாடி இல்லை, ரொம்ப நேரம் நின்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

தக்கலை அண்ணே, நீங்கள் சொன்னது போல மரப்பலகை ஃபியூஸ்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியுமா? மெயினை அணைத்து வைக்கிறேன். கூலி வாங்கிக்கொள்ள வேண்டும்.